ஒரு பட்டினமும் மூன்று பற்றுக்களும்

திருகோணமலைப் பகுதியிற் பழைய வீடுகளின் பெட்டகங்களிலே பேணப்பட்டுவரும் காணி உறுதிகளை விரித்துப் பார்த்தோர், அவற்றின் முதல் வரிகளிலே ஓர் ஒழுங்கைக் கண்டிருப்பர். முதலில் மாகாணம், அடுத்து மாவட்டம், அதனையடுத்துப் பற்று, பின்னர் ஊர், இறுதியிற் காணியின் பெயர் என்று படிப்படியாக இறங்கி வருவது அவ்வொழுங்கு. அண்மையில் நம் மாணவர் ஒருவர் தம் பாட்டனார் காலத்து உறுதியொன்றைக் கொண்டுவந்து, “ஐயா, இதிலே கொட்டியாரப்பற்று என்று எழுதியிருக்கிறது. நாங்களோ படிவங்களில் எல்லாம் மூதூர்ப் பிரதேச செயலாளர் பிரிவு என்றுதான் எழுதி வருகிறோம். இரண்டும் ஒன்றா, வேறா?” என்று வினவினார். ஒரு வரியில் விடை கூறி அனுப்பிவிடத் தக்க வினாவன்று அது. அதற்கு விடை தேடப் புகுந்தால், சோழப் பேரரசு தொடங்கிப் பிரித்தானியப் பேரரசு வரை இந்த மண்ணை ஆண்டோர் அனைவரும் இதனை எவ்வாறு பகுத்தனர், எப்பெயரால் அழைத்தனர், எதற்காக அழைத்தனர் என்பதையெல்லாம் ஆராய வேண்டியதாகின்றது.

உறுதி எழுதும் முறையிலேயே முதலில் நம் மாவட்டத்துக்கு நாற்றிசை எல்லை கூறிவிடுவோம். கிழக்கே வங்கக் கடல். வடக்கே கொக்கிளாய்க் களப்பை ஒட்டிய நிலம், அதற்கப்பால் முல்லைத்தீவு. தெற்கே மாவலியின் கிளையாகிய வெருகலாறு. அதனைத் தாண்டினால் மட்டக்களப்பு. மேற்கே காடு. இவ்வெல்லைக்குள் ஏறக்குறைய ஆயிரம் சதுர மைல் நிலப்பரப்பு அடங்கும். அதன் நடுவே கடல் உள்நுழைந்து கொட்டியாரக் குடாவாகவும், அதன் வடபால் உலகம் புகழும் உள்துறைமுகமாகவும், மேற்கே தம்பலகாம விரிகுடாவாகவும் விரிகின்றது.

இந்நிலம் நெடுங்காலமாக நான்கு கூறுகளாக வழங்கிவந்தது. துறைமுகத்தை அடுத்த ஊர் பட்டினமும் சூழலும் எனப்பட்டது. வடக்கே நிலாவெளி, குச்சவெளி, திரியாய் முதலிய ஊர்களைக் கொண்டது கட்டுக்குளப்பற்று. மேற்கே கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்வெளியும் அதனைச் சார்ந்த ஊர்களும் தம்பலகாமப்பற்று. குடாவின் தென்கரையில் மூதூர், சம்பூர், தோப்பூர், கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று வரை நீள்வது கொட்டியாரப்பற்று. ‘பற்று’ என்னும் சொல்லை நோக்குக. பிடித்துக்கொள்வது, உரிமையாகக் கொள்வது, உள்ளம் ஒட்டியிருப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் தமிழில் அது ஒன்றே சொல். ‘பட்டினமும் சூழலும்’ என்பதற்கு ஆங்கிலப் பத்திரங்களில் வரும் ‘கிறவெற்ஸ்’ என்ற சொல்லோ நகர வாயிலிற் காவல் வைத்துத் தடையிட்ட எல்லையைக் குறிப்பது. காலி, மாத்தறை நகர்களுக்கும் இதே பெயர் உண்டு. சிங்களத்தில் அதனைக் ‘கடவத்’ என்பர். வந்தவன் வைத்த பெயர் காவற்றடையைச் சுட்ட, இருந்தவன் வைத்த பெயர் உரிமையைச் சுட்டுகின்றது. இந்த மாவட்டத்தின் வரலாறு முழுவதும் ஏறக்குறைய இவ்விரு சொற்களுக்கும் இடையே நடந்ததுதான்.

வளநாடும் சதுர்வேதிமங்கலமும்

993 ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசன் ஈழத்தின் வடபகுதியை வென்றான். வென்ற நாட்டுக்கு மும்முடிச்சோழமண்டலம் என்று தன் பட்டப்பெயரையே சூட்டினான். சோழர் ஆட்சியமைப்பில் மண்டலம் என்பது இக்கால மாகாணம் போன்றது. அதனுள் வளநாடு, வளநாட்டினுள் நாடு, நாட்டினுள் ஊர். தஞ்சையில் வழங்கிய அதே ஏணிப்படி கடல் கடந்து இங்கும் நாட்டப்பட்டது. 1070 ஆம் ஆண்டளவில் முதலாம் விசயபாகு சோழரை அகற்றும் வரை, ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு, திருகோணமலைப் பகுதி ஒரு பேரரசின் மாகாணத்துள் அடங்கியிருந்தது.

அக்காலத்துச் சாசனங்கள் நம் வயல்களிலும் காடுகளிலுமிருந்து கிடைத்துள்ளன. நிலாவெளியிற் கிடைத்த தமிழ்ச் சாசனம் கோணேசர் கோயிலுக்கு 250 வேலி நிலம் தேவதானமாக விடப்பட்டதைத் தெரிவிக்கின்றது. வேலி என்பது சோழநாட்டு அளவை. தஞ்சை உழவன் அறிந்த அளவையால் கட்டுக்குளப்பற்று நிலம் அளக்கப்பட்டிருக்கிறது என்பதை மாணவர்கள் நினைத்துப் பார்க்கலாம். கந்தளாயிலோ இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்ற பிராமணக் குடியிருப்பு இருந்தது. அதன் பெருங்குறிப் பெருமக்கள், அதாவது சபையார், கூடிக் கருமம் ஆற்றினர். பெரியகுளத்தை அடுத்த வெல்கம் விகாரை என்னும் பௌத்தப் பள்ளி இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றது. அதற்குத் தமிழ்ப் பௌத்தர் கொடுத்த கொடைகளைத் தமிழ்ச் சாசனங்களே கூறுகின்றன. சைவக் கோயிலுக்கு நிலம், பௌத்தப் பள்ளிக்குக் கொடை, குளக்கரையில் ஒரு சபை. பேரரசன் வந்து தங்காத இடத்தில் அவன் ஆட்சி இம்மூன்றினாலேயே வேரூன்றிற்று.

சோழர் போயினர்; மண்டலத்தின் பெயரும் மறைந்தது. குளமும் கோயிலும் எஞ்சின. அவற்றைச் சுற்றியே நம் பற்றுக்கள் பின்னர் உருப்பெற்றன எனலாம்.

கோயிலே கச்சேரி

இற்றைநாட் கச்சேரி செய்யும் வேலையிற் பாதியை முற்காலத்திற் கோணேசர் கோயில் செய்தது. கவிராச வரோதயன் இயற்றியதாக வழங்கும் கோணேசர் கல்வெட்டு என்னும் நூலைப் படிப்போர்க்கு இது விளங்கும். குளக்கோட்டன் என்னும் மன்னன் கோயிலைப் புதுக்கிக் குளங்களைக் கட்டியதும், தானத்தார், வரிப்பத்தார் என்னும் குடிகளை வரவழைத்து இன்னார்க்கு இன்ன தொழும்பு என்று வகுத்ததும், நீதி செலுத்த மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் என்பானைக் கொண்டுவந்து வன்னியனாக்கியதும் அந்நூலிற் கூறப்படுகின்றன. பூவெடுப்போர் யார், விளக்கெரிப்போர் யார், நெல்லளப்போர் யார் என்பதெல்லாம் அங்கே உண்டு. பக்தி நூலாகப் படித்தால் பக்தி நூல். ஆட்சி நூலாகப் படித்தால் ஊழியப் பதிவேடு.

கந்தளாய்க் குளத்தை வம்ச நூல்கள் சிங்கள மன்னரோடு இணைத்துப் பேச, தமிழ் மரபு குளக்கோட்டனோடு இணைத்துப் பேசுகின்றது. கட்டியவர் யாராயினும், அக்குளத்து நீர் தம்பலகாம வயலில் நெல்லாக விளைந்து, நெல் கோயிலுக்கும் குடிக்கும் பங்கிடப்பட்ட ஏற்பாடே இம்மாவட்டத்தின் முதல் அரசியலமைப்பு.

பின்னாளில் பற்றுக்களை ஆண்டவர் வன்னியனார்கள். அவர்கள் ஒருபோது யாழ்ப்பாண அரசர்க்கும், பிறிதொருபோது கண்டி அரசர்க்கும் திறை கொடுத்தனர். வாய்ப்புக் கிடைத்தபோது இருவருக்குமே கொடாது விட்டனர். மேலே கொடி மாறினாலும் ஊர் வழக்கைத் தீர்ப்பதும் குளத்து நீரைப் பங்கிடுவதும் அவர்கள் கையிலேயே இருந்தன.

துறைமுகத்துக்கு வந்தவர்கள்

1622 க்கும் 1624 க்கும் இடையில் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தாந்தினோ த சா கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினான். கோயிலோடு பதிவேடும் போயிற்று. தொண்டர்கள் எடுத்துச்சென்ற திருவுருவங்களுக்குத் தம்பலகாமத்தில் ஆதிகோணேஸ்வரம் எழுந்தது. ஆட்சியின் நடுவிடமாயிருந்த ஒன்று, துறைமுகத்தை விட்டுக் குளத்தருகே நகர்ந்தது என்பதையும் இங்கே கவனிக்க.

கோட்டையைப் பிடித்தவர்களின் பட்டியல் நீண்டது. 1639 இல் ஒல்லாந்தர் அதனைப் போர்த்துக்கீசரிடமிருந்து பறித்துக் கண்டி மன்னனிடம் ஒப்புவித்தனர். 1660 களில் மீண்டும் தாமே வந்து குடியேறினர். 1672 இல் பதினான்காம் லூயி மன்னனின் பிரெஞ்சுக் கப்பற்படை கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டுச் சிலகாலம் நின்றது. 1782 ஆம் ஆண்டோ வேடிக்கையானது. சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்தனர். ஒகஸ்டில் சவ்ரான் என்னும் பிரெஞ்சுக் கடற்றளபதி ஆங்கிலேயரிடமிருந்து அதனைப் பிடித்தான். அடுத்த ஆண்டுச் சமாதானத்தின்படி அது ஒல்லாந்தருக்கே மீண்டது. ஓராண்டுக்குள் மூன்று கொடிகள். கிளிவெட்டியில் ஏர் பிடித்தவன் இவற்றில் எதனையாவது கண்டிருப்பானா என்பது ஐயமே.

கோட்டைக்காரரின் கை எவ்வளவு குறுகியது என்பதற்குச் சான்றாக ஒரு கதையைச் சற்று விரித்துக் கூறலாம். 1659 இல் ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பலொன்று புயலிற் பாய்மரம் முறிந்து, புதிய மரம் வெட்டும்பொருட்டுக் கொட்டியாரத்துக்கு வந்தது. கொட்டியாரம் அப்போது கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுடையது. வந்தவர்கள் முறைப்படி மன்னனுக்கு ஓலை விடுக்கவில்லை என்ற மனக்குறை அரண்மனைக்கு. மன்னனின் அதிகாரி நயமாகப் பேசிக் கப்பற்றலைவனையும் அவன் மகனையும் பிறரையும் கரையிலேயே சிறைப்படுத்தினான். அம்மகன்தான் றொபேட் நொக்ஸ். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி நாட்டில் இருந்து, தொப்பி பின்னியும் நெல் கடன் கொடுத்தும் பிழைத்து, 1679 இல் தப்பியோடினான். 1681 இல் இலண்டனில் அவன் வெளியிட்ட நூல் இலங்கையைப் பற்றி ஐரோப்பியர் அறிந்த நூல்களுள் தலையாயது. கடலை ஆள்பவன் தன் பாய்மரத்துக்கு ஒரு மரம் வெட்டவும் பற்றை ஆள்பவனின் இசைவு வேண்டியிருந்தது என்பதையே மூதூர்க் கரையில் நிகழ்ந்த இச்சம்பவம் காட்டுகின்றது.

1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கண்டி அரசு கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்த பின்னரே அவர்கள் உள்நிலத்தைத் திரும்பிப் பார்த்தனர். 1786 இல் திருகோணமலையின் ஒல்லாந்தத் தலைவன் வான் செண்டன் மூன்று பற்றுக்களையும் சுற்றிப் பார்த்து ஒரு நாட்குறிப்பு எழுதினான். வன்னியனார்களைச் சந்தித்ததும், உடைந்த குளங்களையும் பாழ்பட்ட வயல்களையும் கண்டதும் அதில் உள்ளன. நூற்றாறுபது ஆண்டுக்காலத்தில் கோட்டையிலிருந்து இவ்வளவு அக்கறையோடு குளத்தைப் பார்க்க வந்தோர் மிகச் சிலரே.

1795 ஒகஸ்டில் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர். தொடக்கத்தில் இலங்கையின் கரைநாடு சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குட்பட்டது. கம்பெனியார் உள்ளூர் முதலியார்களை ஒதுக்கி, சோழமண்டலக் கரையிலிருந்து அமில்தார் என்னும் வரித்தண்டலாளரைக் கொண்டுவந்தனர். தென்னை மரத்துக்கும் வரி விதித்தனர். 1797 இல் கரைநாட்டிற் பல இடங்களிலே கலகம் மூண்டது. அதனால் அடுத்த ஆண்டே பழைய தலைமைக்காரர்களை மீண்டும் அழைக்க வேண்டியதாயிற்று. மொழியும் சமயமும் ஒன்றாயிருந்தும், ஊர் வழக்கம் அறியாத வரித்தண்டலாளனை மக்கள் அயலானாகவே கண்டனர் என்பது நாம் மறக்கக்கூடாதது.

1802 இல் ஆமியன்ஸ் உடன்படிக்கையால் இலங்கைக் கரைநாடு பிரித்தானிய முடிக்கு உறுதியாயிற்று. 1803 இல் கோட்டை, அரசனின் மகன் பெயரால் பிரெட்றிக் கோட்டை ஆயிற்று. அன்று முதல் கோணேசரைத் தரிசிக்கச் செல்லும் அடியார் ஓர் ஆங்கில இளவரசனின் பெயர் தாங்கிய வாயிலினூடாகவே மலையேறுகின்றார்.

மாகாணத் தலைநகர்

நம் மாணவரின் உறுதியில் முதற்சொல்லாக வரும் ‘கிழக்கு மாகாணம்’ பிறந்தது 1833 ஆம் ஆண்டிலே. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி, கண்டி நாட்டுக்கும் கரைநாட்டுக்கும் தனித்தனியே இருந்த ஆட்சிகள் ஒன்றாக்கப்பட்டு, தீவு முழுவதும் ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது: மேற்கு, தெற்கு, வடக்கு, கிழக்கு, மத்தி. இப்பிரிப்பிலே ஒரு சூழ்ச்சியும் இருந்தது. பழைய கண்டி அரசு மறுபடி ஓருடலாக எழாதிருக்கும் பொருட்டு, அதன் பகுதிகள் வெட்டப்பட்டுக் கரையோர மாகாணங்களுடன் ஒட்டப்பட்டன. அவ்வாறே தமன்கடுவையும் பிந்தனையும் கிழக்கு மாகாணத்தோடு சேர்ந்தன. இம்மாகாணத்துக்குத் தலைநகர் திருகோணமலை. ஏசண்டுத்துரையின் ஆசனமும் இங்கேயே.

அத்தலைமை இரண்டு தலைமுறைக் காலமும் நிலைக்கவில்லை. 1873 இல் வடமத்திய மாகாணம் அமைக்கப்பட்டபோது தமன்கடுவை பிரிந்து போயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பாதியில் ஏசண்டரின் ஆசனமும் மட்டக்களப்புக்குப் பெயர்ந்தது. திருகோணமலைக்கு உதவி ஏசண்டர் ஒருவரே எஞ்சினார். உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றைக் கொண்ட நகரம், ஒரு களப்பின் கரையிலிருந்த ஊருக்குத் தலைமையை இழந்தது ஏன்?

1881 ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலே விடை இருக்கின்றது. ஆயிரம் சதுர மைலுக்கு மேற்பட்ட திருகோணமலை மாவட்டத்தில் அவ்வாண்டு வாழ்ந்தோர் ஏறக்குறைய 22,000 பேர். மட்டக்களப்பு மாவட்டத்திலோ ஓர் இலட்சத்துக்கு மேல். மாகாண ஆட்சி என்பது வரியை நம்பி நடப்பது. வரி நெல்லையும் தென்னையையும் நம்பியது. நெல்லும் தென்னையும் மட்டக்களப்பில் இருந்தன.

திருகோணமலையில் நெல் ஏன் இல்லை? 1832 இல் அரசு இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்தது. அறத்தின்படி அது சரியே. ஆனால் ஊரார் கூடிக் குளக்கட்டைச் செப்பனிட்ட வழக்கமும் அதனோடு தளர்ந்தது. அதன் இடத்தில் வேறெதையும் அரசு வைக்கவில்லை. ஏற்கெனவே உடைந்திருந்த குளங்கள் காடாயின. காடு கொசுவை வளர்த்தது. கொசு காய்ச்சலை வளர்த்தது. 1850 களில் தேசாதிபதி சேர் ஹென்றி வாட் நீர்ப்பாசனத்தில் ஊக்கங்கொண்டு, 1856 இல் சட்டமியற்றிப் பழைய ஊர்வழமைகளுக்கு உயிர் கொடுத்தார். அவர் காலத்தில் முதலிற் பயன்பெற்றவை மட்டக்களப்புத் தென்பகுதியின் இறக்காமம், அம்பாறைக் குளங்கள். கந்தளாய்க் குளம் 1870 களிலேயே திருத்தப்பெற்றது. தலைமை கைநழுவத் தொடங்கிய பிறகு.

இதற்கிடையில் துறைமுகம் கடற்படையினது. கப்பற் பட்டறை, பண்டகசாலை, பீரங்கி மேடை ஆகிய எல்லாவற்றுக்கும் இலண்டனிலிருந்து பணம் வந்தது. அப்பணம் மதிலுக்கு வெளியே வெகுதூரம் போகவில்லை. பம்பாயிற் கட்டப்பட்டு 1817 இல் நீரிலிறக்கப்பட்ட போர்க்கப்பலொன்றுக்குத் திருகோணமலை என்றே பெயரிட்டனர். அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரிற் காட்சிக்கு நிற்கின்றது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பியாகிய கடற்படைத் தளபதி சாள்ஸ் ஒஸ்ரின் 1852 இல் பர்மியப் போரில் நோயுற்று இறந்து, நம் நகரத்து மயானத்திலே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள் அவ்வழியே செல்லும்போது நினைவு கூரலாம். பேரரசின் வரைபடத்தில் ஊர் இத்துணைப் பெரிதாயிருந்த காலத்திலேதான், அதன் பின்னாலிருந்த மூன்று பற்றுக்களும் நெல்லும் ஆளும் இன்றிக் கிடந்தன.

பணமும் நிலையாக வந்ததில்லை. 1905 இல் செலவைச் சுருக்குவதற்காகக் கப்பற் பட்டறையை மூடினர். முதலாம் உலகப் போரின் பின் எண்ணெயில் ஓடும் கப்பல்கள் வந்ததும், சீனன்குடாவிலே காட்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட எண்ணெய்க் குதங்களைக் கட்டினர். 1927 இல் இருப்புப்பாதை வந்தது. 1942 ஏப்பிரல் 9 ஆந் தேதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசின, குதமொன்று அழிந்தது, மக்கள் நகரைவிட்டுப் பற்றுக்களுக்கு ஓடினர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்துப் புறப்பட்டது. கப்பல்கள் போனதும் பட்டினத்தின் ஆரவாரமும் பெரும்பாலும் அடங்கியது.

வன்னியனாரிலிருந்து பிரதேச செயலாளர் வரை

இனி, உறுதியின் மூன்றாவது படிக்கு வருவோம். ஆங்கிலேயர் மாகாணத்தையும் மாவட்டத்தையும் தாமே வகுத்தனராயினும் பற்றைத் தொடவில்லை. வன்னியனார் என்னும் பதவியையும் அப்படியே வைத்துக்கொண்டனர். ஒருகாலத்தில் அரசனுக்கே திறை மறுத்த வன்னியன், இப்போது உதவி ஏசண்டரின் முன் கைகட்டி நிற்கும் உத்தியோகத்தனாகச் சுருங்கினான். பற்றுக்குள் மட்டும் பழைய மரியாதை குறையவில்லை. அவருக்குக் கீழே உடையார், விதானையார். வயல் நீருக்கு வட்டவிதானை. ஏசண்டர் வருடத்துக்கொருமுறை குதிரையிலோ வண்டியிலோ சுற்றுலா வரும்போது, அவருக்குக் கண்ணும் காதும் வன்னியனாரே. அரசுக்கு மலிவான ஏற்பாடு. குடிகளுக்கு வன்னியனாரின் குணத்தைப் பொறுத்த ஏற்பாடு.

1946 அளவில் தலைமைக்காரர் முறை ஒழிந்து, பரீட்சையில் தேறிய காரியாதிகாரிகள் வந்தனர். குடும்பத்தைப் பாராது கல்வியைப் பார்த்து ஆள் தெரிந்தமை நன்மையே. ஆனால் புதியவர் மூன்றாண்டுக்கொருமுறை மாறிப் போவார்; எந்த வாய்க்கால் எவருக்குரியது என்பது விதானையார் வாய்மொழியிலேயே இருந்தது. 1955 ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணத்தை ஒதுக்கி, மாவட்டத்தையே ஆட்சியின் அலகாக்கியது. 1963 இல் விதானைமார் போய்க் கிராம சேவகர் வந்தனர். 1992 இல் பிரதேச செயலாளர்கள்.

இம்மாற்றங்களினிடையே நிலமும் மாறியது. கந்தளாய், அல்லை முதலிய குடியேற்றத் திட்டங்களால் காடு வயலாயிற்று. வெளிமாவட்டங்களிலிருந்து பல்லாயிரவர் குடியேறினர். 1946 இல் ஏறக்குறைய 76,000 ஆயிருந்த மக்கள்தொகை 1981 இல் ஏறக்குறைய 2,56,000 ஆயிற்று. தமிழர், முசிலிம்கள், சிங்களவர் என்னும் மூவரும் அவ்வாண்டு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராக நின்றனர். எவ்வெல்லைக்குள் எவர் எத்தனை பேர் என்ற கணக்கு அரசியலின் உயிர்நாடியாயிற்று. 1976 இல் சேருவில என்னும் புதிய தேர்தற்றொகுதி வரையப்பட்டபோது தமிழ் மக்கள் அதனை அச்சத்தோடு நோக்கினர். அதற்கு முன்பே, 1961 ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகத்தின்போது, அவர்கள் அமர்ந்தது கச்சேரி வாயிலிலேதான். ஆட்சி எங்கே இருக்கின்றது என்பதை மக்கள் நன்கு அறிந்திருந்தனர்.

நீரும் தன் பங்குக்குக் கணக்குத் தீர்த்தது. 1986 ஏப்பிரல் 20 ஆந் தேதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2006 யூலையில் கொட்டியாரப்பற்றின் மாவிலாற்று அணைக் கதவை விடுதலைப் புலிகள் மூடியதும், அரசபடை அங்கே நகர்ந்ததும், பெரும் போர் மறுபடி மூண்டதும் அண்மைக்கால வரலாறு. மூதூர், சம்பூர் மக்கள் பல்லாயிரவர் ஊரை விட்டு வெளியேறினர். சிலர் மீண்டுவரப் பல ஆண்டுகள் சென்றன. ஒரு வாய்க்காலின் கதவு யார் கையில் என்ற பழைய வினாவே அங்கும் இருந்தது.

மாகாணம் என்னும் சொல்லுக்கும் மறுபிறப்பு உண்டாயிற்று. 1987 ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் மாகாண சபைகள் தோன்றின. 1988 இல் இணைந்த வடகிழக்கு மாகாணத்துக்குத் திருகோணமலை தலைநகராயிற்று. 2007 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டும் பிரிக்கப்பட்டபோது கிழக்கு மாகாணத்துக்கும் அதுவே தலைநகராக நின்றது. மட்டக்களப்புக்குப் போன ஆசனம் நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின் திரும்பியது. இம்முறை துறைமுகத்தின் பெருமைக்காக வந்ததென்று கூறுவதற்கில்லை. வடக்குக்கும் கிழக்குக்கும் நடுவே, மூவினத்தார்க்கும் பொதுவான இடமென்பதே அதன் தகுதியாயிற்று.

இனி நம் மாணவரின் வினா. இன்று மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலாளர் பிரிவுகள் உள்ளன. பட்டினமும் சூழலும் பழைய பெயரோடேயே இருக்கின்றது. குச்சவெளி, குமரேசன்கடவை என நாம் வழங்கும் கோமரங்கடவல, முதலிக்குளமாகிய மொரவெவ, பதவிசிறிபுர ஆகியவை பெரும்பாலும் பழைய கட்டுக்குளப்பற்று. தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா என்பன தம்பலகாமப்பற்று. மூதூர், சேருவில, வெருகல் மூன்றும் கொட்டியாரப்பற்று. ஆகவே பாட்டனாரின் பற்று பேரனின் பிரிவிலும் பெரிது. பேரனின் பிரிவு அதனுள் ஒரு துண்டு.

அந்த உறுதியில் வேறொரு செய்தியும் இருந்தது. காணியைப் பதிவதற்குப் பாட்டனார் மூதூரிலிருந்து நகருக்கு வந்த செலவு ஒரு மூலையிலே பென்சிலாற் குறிக்கப்பட்டிருந்தது. அந்நாளில் குடாவைத் தோணியிலோ இலாஞ்சியிலோ கடக்க வேண்டும். தரைவழி வருவோர் துறைக்குத் துறை ‘பாதை’ எனப்படும் மிதவைக்காகக் காத்து நிற்க வேண்டும். காற்றுக் காலத்தில் கச்சேரி கண்ணுக்கெதிரே தெரியும். போய்ச் சேர முடியாது. கிண்ணியாத் துறையிலே ஏறக்குறைய நானூறு மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது 2009 இல். மூதூர் வழியிலிருந்த ஏனைய துறைகளுக்கும் அடுத்தடுத்துப் பாலங்கள் வந்தன. மாணவர் தம் உறுதியின் பிரதியைப் பெறக் காணிப் பதிவகத்துக்கு மூதூரிலிருந்து பேருந்தில் வந்து, நண்பகலுக்கு முன்னரே வீடு திரும்பியதாகக் கூறினார். பிரதியிலும் கொட்டியாரப்பற்று என்றே எழுதியிருக்கின்றது.